மீன் இல்லாத கேடயம்

அத்தியாயம் 11

லண்டனிலிருந்து வந்த தகரப் பெட்டியை அப்பா யாருக்கும் காட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். எட்டு நாள் எங்களுக்கு அது பூட்டியே கிடந்தது. ஒன்பதாம் நாள், 1946 நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, திறந்தது.

இந்தக் கதையில் வருகிற என் வீட்டாரில் இன்று உயிரோடு இருப்பது நானும், அப்போது நாலு மாதக் குழந்தையாக இருந்த என் மகன் தொம்மையும்தான். யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் மூன்று வாரமாக வேறு எதையெதையோ எழுதி இந்த நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இனி முடியாது.

என் அப்பா கஸ்பார் தல்மெய்தாவுக்கு ராயபுரத்தில் பதினொரு சரக்குப் படகுகள். துறையில் இடம் கிடைக்காமல் கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து மூட்டை இறக்கிக் கரை சேர்க்கும் படகுகள். என் மாமனார் தவசிமுத்து மச்சாதுவுக்கு நாலு படகுகள். இரண்டு குடும்பமும் தூத்துக்குடியிலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியர் காலத்தில் எங்கள் முன்னோர் ஞானஸ்நானத்தோடு வாங்கிய குடும்பப் பெயர்கள் இவை.

அப்பாவுக்கு நான் ஒரே பெண். தன்னோடு தல்மெய்தா என்ற பெயர் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தீராத அவமானம். ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜெண்டு வீட்டுச் சுவரில் அவர் ஒரு கேடயத்தைப் பார்த்தார். ஆண் வாரிசு இல்லாத மாமனாரின் பெயரையும் சின்னத்தையும் மருமகன் இங்கிலாந்து ராஜாவின் அனுமதியோடு தன் பெயருடன் சேர்த்துக்கொண்டதற்கு அது அடையாளமாம். அன்று பிடித்த பைத்தியம். யுத்தத்துக்கு முன்பே லண்டனுக்கு எழுதி, நீலக் கேடயத்தில் மூன்று வெள்ளைச் சங்கு என்று தனக்கு ஒரு சின்னம் வாங்கினார். என் கல்யாணத்தின்போது என் மாமனாரிடம் சொன்னார்:

"மாப்பிள்ளை மச்சாது-தல்மெய்தா ஆகட்டும். கேடயத்தை நாலு கட்டமாகப் பிரிப்போம். இரண்டில் எங்கள் சங்கு. இரண்டில் உங்கள் படகுகளில் இருக்கிற சிவப்பு மீன். அந்தப் பெயரோடு பிறக்கிற பேரனுக்கு என் பதினொரு படகும்."

பேரன் அந்தப் பெயரோடு கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏறாவிட்டால் படகுகள் தூத்துக்குடியில் இருக்கும் தன் சித்தப்பா மகனுக்கு என்றும் உயிலில் எழுதிவைத்தார். என் கணவர் அருள்பிரகாசம் அந்தப் படகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சோறு அதில்தான்.

பெயரையும் கேடயத்தையும் அனுமதிக்கும் லண்டன் பத்திரம் வருகிற வரையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்று அப்பா தடுத்து வைத்திருந்தார். பங்குச் சாமியார் இரண்டு முறை ஆள் அனுப்பித் திட்டினார். கடைசியில் இந்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு என்று முடிவாயிற்று. அதற்கு முன் மூன்று மணிக்கு, கடற்கரையில் அப்பாவின் புதுப் படகின் முகப்பில் வரைந்த கேடயத்தைத் திறந்து காட்டுவது.

அன்று காலை என் கணவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்:

"மீனு மேல் கட்டத்துல வருமா, கீழ்க் கட்டத்துல வருமா?"

"தெரியாதுங்க."

"நீதானே எல்லாத்தையும் எழுதினவ. உனக்குத் தெரியாம?"

நான் குழந்தையின் தொட்டிலைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"எங்கப்பா நேத்துலேர்ந்து சரியா சோறு துன்னல. புது வேட்டிய மடியில வெச்சிகினு குந்திகினு கீறாரு. ராஜா நம்ம மீன பாத்துட்டாராடான்னு ராவெல்லாம் கேள்வி. எம்மாம் பெரிய மனுசன், கொயந்த மாரி பேசறாரு." சிரித்தார். "கீழ்க் கட்டமா இருந்தா சண்ட போடுவாரு, பாத்துக்க."

நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

பத்து மாதத்துக்கு முன் லண்டனிலிருந்து ஒரு படிவம் வந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கான்வெண்டில் பள்ளி இறுதி வரை படித்திருந்தேன். அப்பாவின் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது கேள்வி: கணவன் குடும்பத்தாருக்குச் சின்னம் ஏதும் உண்டா?

என் மாமனார் தன் கையாலேயே வரைந்து கொடுத்த மீன் படம் பக்கத்தில் இருந்தது. மூட்டையில் குறி போடுகிற சிவப்பு மசியில் வரைந்தது. வால் கொஞ்சம் கோணல்.

"அப்பா, இதை எழுதி இந்தப் படத்தையும் வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அப்பா படத்தைத் தூக்கிப் பார்த்தார். "மூட்டை தூக்குகிறவன் படகைத் தவறவிடக் கூடாது என்று போட்ட அடையாளம் இது. இதை ராஜாவுக்கு அனுப்பினால் கருவாட்டு மண்டி விளம்பரம் என்று நினைப்பார்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்திலேயே "இல்லை" என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அந்தப் படத்தை என் செபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

மூன்று மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். வானம் கறுத்திருந்தது. துறைமுகத்தில் காலையிலேயே புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். அலை உயரமில்லை, ஆனால் மணலை அரித்து அரித்து இழுத்துக்கொண்டிருந்தது. புதுப் படகு கொட்டகைக்கு வெளியே உருளைக் கட்டைகள்மேல் நின்றது. அதன் முகப்பைத் தார்ப்பாய் மூடியிருந்தது. பக்கத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பெயிண்டர் மதார் சாகிப் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு நின்றார்.

அப்பா கோட்டும் டையும் அணிந்து, தகரப் பெட்டியை ஒரு முக்காலியின்மேல் வைத்துக் காவல் காத்தார். பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி என் கணவரிடம் சாவியைக் கொடுத்தார். அவர் பெட்டியைத் திறந்து எதையோ புரட்டிக்கொண்டிருந்தபோது என் மாமனார் வந்தார். வேட்டியில் மடிப்புக் கலையவில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய படகுக்காரர்கள் இருபது பேர்.

"இன்னா சம்பந்தி, கோட்டு மாட்டிகினு சாவுக்கு நிக்கிற மாரி நிக்கிற? பேரனுக்குப் பேரு வெக்கிற நாளு. கொஞ்சம் பல்லக் காட்டு."

"உங்கள் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். படகைத் தொடக் கூடாது."

"தொட்டா இன்னா, ஒட்டிக்குமா?"

மதார் சாகிப் குறுக்கே வந்தார். "ஒட்டிக்கும் அய்யா. பெயிண்டு இன்னும் ஈரமா கீது. மயக் காத்து, மூணு நாளா காய மாட்டேங்குது."

அப்பா கையை அசைத்தார். தார்ப்பாய் இறங்கியது.

நீலக் கேடயம். முழுக்க நீலம். அதில் மூன்று வெள்ளைச் சங்கு. கட்டம் ஏதும் இல்லை. கீழே ஒரு நாடாவில் ஆங்கில எழுத்துகளில் மச்சாது-தல்மெய்தா.

என் மாமனார் பார்த்தார். பிறகு நடந்து, படகின் முகப்பைச் சுற்றி மறுபக்கம் போனார். மீன் அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அங்கேயும் மூன்று சங்குதான். சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அந்த நடையை இன்று வரையில் என்னால் மறக்க முடியவில்லை.

"பாய், எங்க மீனு எங்க?"

மதார் சாகிப் அப்பாவைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "பெரியவரு காட்டின காயிதத்துல இன்னா கீதோ அத்த வரஞ்சேன் அய்யா. மீனுன்னு ஒண்ணு அதுல கெடயாது. நானே பெரியவர கேட்டேன். சொன்னத செய்யி, கூலிய வாங்குன்னாரு."

"சம்பந்தி."

"ராஜா கொடுத்த சின்னம் இருக்கிறவர்களுக்குத்தான் கட்டம் பிரிப்பார்கள்," என்றார் அப்பா. பல நாள் தயார் செய்த பேச்சு அது. "உங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அதற்கு நான் என்ன செய்ய? பெயரைப் பாருங்கள். மச்சாதுதான் முன்னால் இருக்கிறது. தல்மெய்தா பின்னால்தான். அதைவிட என்ன மரியாதை வேண்டும்?"

என் மாமனார் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "டேய், அதுல இன்னா எழுதிக்கீது, ஒருத்தன் படிங்கடா."

யாரும் வாய் திறக்கவில்லை.

"பாத்தியா? எவனுக்கும் தெரியல. மீனு போட்டிருந்தா காசிமேடுலேர்ந்து எண்ணூரு வரிக்கும் படிப்பான். ராஜாவாம் ராஜா. அவனே மூட்ட கட்டிகினு கீறான். போறவங்கிட்ட போயி பேரு கேட்டு வாங்கிகினு வந்துக்கிறான் பாரு, பெரிய மனுசன்."

"அவர் போனாலும் அவர் கையெழுத்து நிற்கும். உங்களுக்குக் கையெழுத்து என்றால் என்னவென்று தெரியாது, அதனால் கோபம் வருகிறது."

"ஆமாய்யா, தெரியாது." என் மாமனாரின் குரல் இறங்கியது. "எங்கண்ணன் கடல்ல முயுகிப் போனப்ப எனக்கு இருவது வயசு. பன்னெண்டாம் நாளு எண்ணூர்ல ஒரு பொணம் ஒதுங்கிச்சு. மூஞ்சி இல்ல. யாரு பெத்த புள்ளன்னு எவனுக்கும் தெரியல. பக்கத்துல ஒரு பலக ஒதுங்கிச்சு. அதுல சிவப்பு மீனு. அத்த வெச்சித்தான் நம்ம ஆளுன்னு கொண்டாந்து பொதச்சோம். அன்னிலேர்ந்து எங்க வூட்ல எவன் செத்தாலும் பொட்டி மேல மீனு போட்டுத்தான் மண்ணுக்கு அனுப்பறோம். உன் ராஜா எங்களுக்குக் குடுக்கலன்னா போவட்டும். கேட்டிருப்பானே, அப்ப இன்னா எழுதின?"

அப்பா டையைச் சரிசெய்தார்.

"கேட்டானா இல்லியா?"

"கேட்டார்கள். இல்லை என்று எழுதியது."

"எழுதியதுன்னா? பேனா தானா எழுதிச்சா? எந்தக் கை எழுதிச்சு?"

அப்பாவின் கண் என் பக்கம் வந்தது. வேண்டுமென்று பார்த்தாரா, தெரியாது. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். அப்போதுதான் என் கணவர் கையில் இருந்த காகிதத்தைக் கவனித்தேன். தோல் பத்திரத்துக்கு அடியில், நான் நிரப்பிய படிவத்தையும் லண்டன்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

என் கையெழுத்து அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் நான் எழுதிய பதினாலு கடிதங்களை அவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

அவர் காகிதத்தை நாலாக மடித்தார். கோட்டின் உள்பையில் வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான்ப்பா எழுதினேன்," என்றார் தன் அப்பாவிடம்.

"இன்னா சொன்ன?"

"நான்தான். மீனு வெறும் படகு அடையாளம்தானேன்னு நெனச்சேன். இல்லன்னு எழுதிட்டேன்."

என் கணவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கத்தான் வரும், எழுத வராது. அது அங்கே என் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மகன் எழுதுவான் என்று நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் என் மாமனார்.

அறை விழுந்தது. ஒன்று அல்ல, மூன்று. என் கணவர் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அறையில் உதடு கிழிந்தது. படகுக்காரர்களில் ஒருவர் ஓடிவந்து என் மாமனாரின் தோளைப் பிடித்தார். அவர் உதறிவிட்டார்.

"படகு அடையாளமாடா? உன்ன பெத்து, அந்த மீன காட்டிச் சோறு போட்டனேடா. இனிமே எம்பேர வாயால சொல்லாத. உன் பொட்டி மேல மீனு வராது. உன் மாமனாரு சங்கு வெச்சிகிறாரே, அத்தையே ஊதச் சொல்லு."

திரும்பி நடந்தார். போகிற வழியில் என் முன்னால் நின்றார். தொம்மையைப் பார்த்தார். கையை நீட்டினார், என்ன நினைத்தாரோ, பாதியில் மடக்கிக்கொண்டார். "பாவம் இது இன்னா பண்ணுச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "மாப்பிள்ளை புத்திசாலி. எந்தப் பக்கம் நின்றால் நல்லது என்று தெரிந்துவைத்திருக்கிறார். நல்லதாகப் போயிற்று, இனி அந்த ஆளின் தொல்லை இருக்காது."

அவரை நான் வெறுத்த முதல் நிமிடம் அது. என்னை வெறுத்ததும் அப்போதுதான்.

கோயிலுக்கு நடந்து போனோம். அப்பா குடையோடு முன்னால் போனார். நானும் என் கணவரும் பின்னால். காற்று எதிர்த்து அடித்தது. வாயைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு நடந்தார்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"நான் எழுதினதைச் சொல்லியிருக்கலாமே."

"எங்கப்பன் உன்ன அடிச்சிருந்தா நான் அவர திருப்பி அடிச்சிருப்பேன். அதுக்காவத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் நெனச்சிக்காத."

"என்னை மன்னிக்க மாட்டீங்களா?"

"நீ எழுதினது கூடப் பரவால்ல." கைக்குட்டையை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நிற்கவில்லை. "காலைல கேட்டேன் பாரு, மேல் கட்டமா கீழ்க் கட்டமான்னு. தெரியாதுன்னியே. அப்ப உனக்குச் சிரிப்பு வந்துச்சா சுகிர்தம்?"

"ஐயோ, இல்லைங்க."

"எழுதும்போது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். ஞானஸ்நானத்துக்கு முன் குழந்தையின் பெயரையும் குடும்பப் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும். சாமியார் அதைப் பார்த்துத்தான் பெரிய புத்தகத்தில் எழுதுவார். புத்தகத்தில் ஏறியதை ஆண்டவரே வந்தாலும் மாற்ற மாட்டேன் என்பார் அவர்.

உபதேசியார் சீட்டையும் பென்சிலையும் என் கணவரிடம் நீட்டினார். "தகப்பனார் எழுதுங்கோ. சீக்கிரம். காத்து பலமா இருக்கு, மெழுகுவத்தி நிக்காது."

அப்பா ஞானத் தகப்பனாக நிற்க வேண்டும். ஏற்றிய மெழுகுவத்தியைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "மச்சாது-தல்மெய்தா. நடுவில் கோடு மறக்க வேண்டாம், மாப்பிள்ளை."

என் கணவர் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அவகிட்ட குடுங்க. எழுதறது அவதான்."

குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். நான் பென்சிலைப் பிடித்தேன். ஞானஸ்நானத் தொட்டியின் கல் விளிம்பில் சீட்டை வைத்தேன். தொம்மை என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் மச்சாது என்று எழுதினேன். பென்சிலைக் கீழே வைத்தேன்.

அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"முடிக்கவில்லையே."

"முடித்துவிட்டேன் அப்பா."

"பாதிதான் எழுதியிருக்கிறாய்."

"மாமாவிடம் நாலு கட்டம் என்று சொன்னீர்கள். அதிலும் பாதியைக் காணோம்."

"பைத்தியக்காரி. பதினொரு படகு." அவர் குரல் மண்டபத்தில் எதிரொலித்தது. "உன் பிள்ளை வாயில் மண்ணைப் போடுகிறாய். உன்னைப் படிக்க வைத்ததற்கு இதுவா? அந்தப் படிப்பறிவில்லாத ஆளுக்காகவா?"

"படித்த நான் செய்ததைவிட அவர் ஒன்றும் மோசமாகச் செய்யவில்லை."

உபதேசியார் கையைப் பிசைந்தார். "பெரியவரே, கோயில்..."

அப்பா மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். அதை உபதேசியார் கையில் திணித்தார். "ஞானத் தகப்பனுக்கு வேறு ஆளைத் தேடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை." குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது ஒரே ஒரு முறை. அது வேறு கதை.

நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர் சீட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"இப்ப எழுதி இன்னா பிரயோஜனம்? அப்ப இந்தக் கை எங்க போச்சு?"

ஆனால் அதைச் சொன்னபோது குரலில் பழைய கடுமை இல்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். மதார் சாகிப். கையில் நீலப் பெயிண்டு அப்பியிருந்தது. உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்று கூப்பிட்டார்.

"தம்பி! உங்க நைனா புதுப் படக தள்ளிகினு பூட்டாரு!"

"எங்க?"

"கடல்லதான், வேற எங்க! எம்பேரு போட்ட படகு, என் எண்ணூரு கொட்டாய்க்குத்தான் போவும்னாரு. அங்க இட்டுகினு போயி சங்கச் சொரண்டிட்டு மீனு வரையறாராம். நாலு பேரு கூடப் போயிக்கிறான். நான் கெஞ்சினேன், புடிச்சேன், தள்ளிட்டாரு. இதப் பாரு, கையெல்லாம் பெயிண்டு. கூண்டு வேற மாத்திட்டாங்க தம்பி. பெரிய நம்பரு ஏத்திக்கிறான்."

என் கணவர் குழந்தையை என்னிடம் கொடுத்தார். கோட்டைக் கழற்றினார். அதையும் என் தோளில் போட்டார்.

"சாமியார் வந்தா நிறுத்தாத. தண்ணி ஊத்தச் சொல்லு. நான் அப்பாவ இட்டுகினு வந்துர்றேன்."

"வேணாங்க. எந்தப் படகுல போவீங்க?"

"எது கைக்கு வருதோ."

வாசலைத் தாண்டியவர் திரும்பினார். "சுகிர்தம், அவரு வரஞ்ச படம் எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லை. செபப் புத்தகத்துல இருக்கு."

தலையை ஆட்டினார். ஓடினார். மதார் சாகிப்பும் பின்னாலேயே ஓடினார்.

சாமியார் வந்தார். யாரையும் எதையும் கேட்கவில்லை. சீட்டை வாங்கிப் படித்தார். உபதேசியாரே ஞானத் தகப்பனாக நின்றார். மெழுகுவத்தியை மூன்று முறை ஏற்றினார்கள், மூன்று முறையும் அணைந்தது. சாமியார் தொம்மையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றினார். அவன் வீறிட்டான். அந்தச் சத்தத்தையும் மீறிக் கடலின் சத்தம் கேட்டது.

என் தோளில் கிடந்த கோட்டின் உள்பையில் அந்தக் காகிதம் இருந்தது. என் மார்பில் அதன் மடிப்பு குத்தியது. அதைப் பார்க்காமலே படித்தேன்: ஒன்பதாவது கேள்வி, ஒரு சொல், என் கை.

எண்ணூர்க் கரையில் ஒதுங்கிய பலகையைப் பற்றி என் மாமனார் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அவர் ஏறிப் போன படகில் எங்கும் மீன் இல்லை.